பேக்கப் விடிய விடிய ஓடுதா? டிஸ்க்கை மாத்துறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க

நம்ம ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் நண்டு கம்பெனி, இறால் கம்பெனி, ஐஸ் பிளாண்ட், டீசல் பங்க், ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடைன்னு எங்க போனாலும் இப்ப ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் ஓடுது, அதுக்குப் பின்னாடி ஒரு டேட்டாபேஸ் இருக்கு, அதைப் பாத்துக்கன்னு புதுசா வேலைக்குச் சேந்த ஒரு தம்பியோ தங்கச்சியோ இருக்காங்க. அவங்க அடிக்கடி கேக்குற கேள்வி இதுதான்: "அண்ணே, அதே டேட்டாபேஸ்தான், உள்ள இருக்குற டிஸ்குல பேக்கப் போட்டா பத்து நிமிசத்துல முடியுது, எக்ஸ்டர்னல்ல போட்டா அரை மணி நேரம், என்ஏஎஸ்ல (நெட்வொர்க்ல மாட்டியிருக்குற டிஸ்க் பெட்டி) போட்டா ஒன்றரை மணி நேரம் ஓடுது, டிஸ்க் போயிருச்சா, முதலாளிகிட்ட புதுசு வாங்கச் சொல்லவா?"

இப்பவே வாங்கச் சொல்லாதீங்க. எது மெதுவா இருக்குன்னு தெரியாம வாங்குற டிஸ்க் பாதி நேரம் வீண்செலவுதான். அளந்து பாத்தா ஒரு ராத்திரியிலயே காரணம் தெரிஞ்சுரும், அதுக்குத்தான் இந்த வழிகாட்டி. எஸ்கியூஎல் சர்வரை வச்சுத்தான் அதிகம் சொல்லியிருக்கேன், நம்ம பக்கம் கணக்கு சாஃப்ட்வேர் நிறைய அதுலதான் ஓடுது. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் வச்சிருக்கவங்களுக்கும் அங்கங்க சொல்லிருக்கேன்.

இதை நான் ஏன் இவ்வளவு வற்புறுத்திச் சொல்றேன்னா, மத்த ஊர் ஆபீஸ்ல ராத்திரி முழுக்க சிஸ்டம் சும்மா இருக்கும், நம்ம பக்கம் அப்படி இல்ல. போட்டு கரைக்கு வர்ற விடியக்காலத்துலயே எடை, ஏலம், பில்லுன்னு வேலை ஆரம்பிச்சுரும். அந்த நேரத்துல பேக்கப் இன்னும் ஓடிக்கிட்டே இருந்தா பில் அடிக்கிற ஸ்க்ரீன் சுத்திக்கிட்டே நிக்கும், வெளிய ஐஸ் உருகிக்கிட்டு இருக்கும், கணக்குப்பிள்ளை "முதல்ல அதை நிறுத்துப்பா"ன்னுதான் சொல்வாரு, அவரைக் குத்தம் சொல்ல முடியாது. நிறுத்துன அன்னைக்கு பேக்கப் இல்ல. இப்படியே வாரத்துல ரெண்டு மூணு நாள் போனா, டிஸ்க் போற அன்னைக்கு கையில இருக்குறது நாலு நாள் பழைய கணக்கு. போட்டுக்காரங்களுக்குக் கொடுத்த முன்பணம், பாக்கி எல்லாம் அதுல இருக்கு, அது போனா வெறும் கம்ப்யூட்டர் பிரச்சனையோட நிக்காது.

முதல்ல ஒண்ணைப் புரிஞ்சுக்கங்க

பேக்கப்னா ஒரே வேலை மாதிரி தெரியும், உள்ள மூணு வேலை நடக்குது. டேட்டாபேஸ் இருக்குற டிஸ்குல இருந்து படிக்கணும், கம்ப்ரஷன் போட்டிருந்தா அதைச் சுருக்கணும், அப்புறம் போய்ச் சேர வேண்டிய இடத்துல எழுதணும். மூணும் ஒரே நேரத்துல தொடர்ச்சியா ஓடுறதால, மூணுல எது மெதுவோ அதோட வேகம்தான் மொத்த பேக்கப்போட வேகம். போட்டுல இருந்து பத்துப் பேர் மீன் எறக்குனாலும் ஜெட்டியில தராசு ஒண்ணுதான்னா தராசுகிட்டதான் கூடை குமியும், எறக்குறதுக்கு இன்னும் அஞ்சு பேர் வச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல. நம்ம வேலை அந்தத் தராசு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கிறது.

ஒரு நோட்டு எடுங்க, இப்ப இருக்குறதை எழுதுங்க

எழுத வேண்டியது: டேட்டாபேஸ் எவ்வளவு பெருசு, பேக்கப் ஃபைல் எவ்வளவு பெருசு, எவ்வளவு நேரம் ஆச்சு, எதுல எழுதுச்சு. டேட்டாபேஸ் சைஸ்னு சொல்றப்ப ஃபைல் சைஸைப் பாக்காதீங்க, டேட்டாபேஸை வச்சிருக்குற எம்டிஎஃப் ஃபைல் 100 ஜிபி இருந்தாலும் உள்ள 60 ஜிபிதான் டேட்டா இருக்கலாம், எஸ்கியூஎல் சர்வர் பேக்கப் எடுக்குறது உபயோகத்துல இருக்குற பகுதியை மட்டும்தான். வேகத்தை நீங்க கணக்குப் போட வேண்டியதே இல்ல, பேக்கப் முடிஞ்சதும் மெசேஜ் டேப்ல கடைசி வரியில எத்தனை பேஜ், எத்தனை செகண்ட், செகண்டுக்கு எத்தனை எம்பின்னு அதுவே போடும், பல பேர் அந்த வரியைப் படிக்கிறதே கிடையாது. பழைய பேக்கப் விவரம் வேணும்னா எம்எஸ்டிபி டேட்டாபேஸ்ல பேக்கப்செட்ங்கிற டேபிள்ல ஆரம்பிச்ச நேரம், முடிஞ்ச நேரம், சைஸ், சுருக்குன சைஸ் எல்லாம் இருக்கு. அதைப் பாத்தா இது போன மாசமே மெதுவாத்தான் இருந்துச்சா, இல்ல திடீர்னு ஒருநாள்ல இருந்து மெதுவாச்சான்னு தெரியும். திடீர்னு ஆயிருந்தா அந்த நாள்ல எதை மாத்துனாங்கன்னு விசாரிங்க, பாதி பிரச்சனை அங்கயே முடிஞ்சுரும்.

இன்னொண்ணு, பிட்டையும் பைட்டையும் குழப்பிக்காதீங்க. டிஸ்க் வேகம் சொல்றது பைட்ல, நெட்வொர்க் வேகம் சொல்றது பிட்ல, 8 பிட் சேந்தாத்தான் 1 பைட். 100 எம்பிபிஎஸ் லைன்னு சொன்னா செகண்டுக்கு 12.5 எம்பிதான், அதுலயும் நடைமுறையில 11 எம்பி கிடைச்சாலே நல்லது.

ராத்திரி டெஸ்ட்: எங்கயும் எழுதாம ஒரு பேக்கப்

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு விசயத்தைத்தான் செய்வீங்கன்னா இதைச் செய்ங்க. பேக்கப் கமாண்டுல டூ டிஸ்க்னு போட்டு ஃபைல் பாத் கொடுக்குற இடத்துல, பாத்துக்குப் பதிலா நல்-னு கொடுங்க, என் யூ எல், மூணே எழுத்து, கடைசியில ஒத்தை எல்தான். விண்டோஸ்ல அது ஒரு குப்பைத்தொட்டி மாதிரியான டிவைஸ், எது வந்தாலும் வாங்கிக் கொட்டிரும், எங்கயும் எழுதாது. அப்ப நடக்குறது படிக்கிற வேலை மட்டும்தான், அந்த வேகம் கடைசி வரியில வந்துரும்.

இதுல கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. கூடவே வித் போட்டு காப்பி ஒன்லி ஆப்ஷனைச் சேக்கணும், ரெண்டு வார்த்தைக்கும் நடுவுல அண்டர்ஸ்கோர். அதைச் சேக்கலைன்னா எஸ்கியூஎல் சர்வர் இந்தக் குப்பையில போட்ட பேக்கப்பைத்தான் கடைசி ஃபுல் பேக்கப்னு நெனைச்சுக்கும், அதுக்கப்புறம் நீங்க எடுக்குற டிஃபரென்ஷியல் (கடைசி ஃபுல்லுக்கு அப்புறம் மாறுனதை மட்டும் எடுக்குற பேக்கப்) எல்லாம் அதை வச்சுத்தான் வரும், அந்த ஃபுல் எங்கயுமே இல்லாததால அந்த டிஃபரென்ஷியல் எதையும் ரீஸ்டோர் பண்ண முடியாது. லாக் பேக்கப்பை (நடந்த மாற்றங்களை வரிசையா பதிஞ்சு வச்சிருக்குற லாக்கை எடுக்குறது) இந்த மாதிரி நல்-ல போட்டுப் பாக்கவே பாக்காதீங்க, ஒண்ணைத் தொடர்ந்து ஒண்ணு வர்ற அந்த பேக்கப் செயின் அறுந்துரும்.

போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் லினக்ஸ்ல ஓடுனா இதே வேலையை டெவ் நல்லுக்கு (/dev/null, லினக்ஸோட குப்பைத்தொட்டி) அனுப்பிப் பண்ணலாம், பிஜி டம்ப்போ மைஎஸ்கியூஎல் டம்ப்போ எடுத்து அவுட்புட்டை அங்க திருப்பி விட்டு நேரம் பாருங்க. ஆனா அந்த ரெண்டும் பேஜை அப்படியே தூக்குறது இல்ல, ஒவ்வொரு வரிசையா படிச்சு எழுத்தா மாத்துது, அதனால டிஸ்க் வேகமா இருந்தாலும் பிராசஸர்லயே நேரம் போகும். அங்க நல் டெஸ்ட்டே மெதுவா வந்தா டிஸ்க்கைத் திட்டாதீங்க.

இப்ப கிடைச்ச நேரத்தை வச்சு யோசிங்க. 60 ஜிபி டேட்டாபேஸ், எக்ஸ்டர்னல்ல போட்டா 90 நிமிசம், நல்-ல போட்டா 8 நிமிசம்னு வருதுன்னு வச்சுக்கங்க, அப்ப படிக்கிறதுல குறையில்ல, எழுதுற பக்கம்தான் பிரச்சனை. அதுவே நல்-லயே 70 நிமிசம் ஆகுதுன்னா நீங்க எவ்வளவு நல்ல எக்ஸ்டர்னல் வாங்குனாலும் 70 நிமிசத்துக்குக் கீழ வராது, டேட்டாபேஸ் இருக்குற டிஸ்க்கைத்தான் பாக்கணும். பழைய ஹார்டு டிஸ்கா இருக்கலாம், அதே டிஸ்குல கேமரா ரெக்கார்டிங்கும் ஓடிக்கிட்டு இருக்கலாம், வேற யாரோட சர்வரோ அதே மெஷின்ல விர்ச்சுவலா ஓடலாம். அந்த இடத்துல செலவு பண்ணணும்னா டேட்டாபேஸை எஸ்எஸ்டிக்கு மாத்துறதுக்கு பண்ணுங்க, பேக்கப் மட்டுமில்ல, பகல்ல பில்லும் வேகமாகும்.

கம்ப்ரஷனையும் சேத்து ஒருதடவை நல்-ல போட்டுப் பாருங்க. கம்ப்ரஷன் இல்லாம 8 நிமிசம், கம்ப்ரஷனோட 25 நிமிசம்னு வந்தா பிராசஸர் திணறுதுன்னு அர்த்தம்.

அடுத்து எழுதுற இடத்தைத் தனியா அளங்க

இங்கதான் நிறையப் பேர் ஏமாறுறாங்க. ஒரு 2 ஜிபி படத்தை எக்ஸ்டர்னல்ல காப்பி போட்டுப் பாத்துட்டு "இதோ பத்து செகண்டுல போயிருச்சு, டிஸ்க் நல்லாத்தான் இருக்கு"ன்னு முடிவுக்கு வந்துர்றாங்க. அது டிஸ்குக்கே போகல, பெரும்பகுதி ரேம்ல உக்காந்திருக்கு, விண்டோஸ் பின்னாடி மெதுவா எழுதிக்கிட்டு இருக்கு. எஸ்கியூஎல் சர்வர் பேக்கப் எழுதும்போது அந்த விண்டோஸ் கேஷை நம்பி இருக்காது, நேரா டிஸ்குக்கு எழுதும், அதனால காப்பி வேகமும் பேக்கப் வேகமும் ஒத்து வராது. டெஸ்ட் பண்ணணும்னா உங்க நிஜ பேக்கப் அளவுக்கு, 40 ஜிபி, 60 ஜிபின்னு ஒரே பெரிய ஃபைலை, விண்டோஸ்லயே இருக்குற ரோபோகாப்பி கமாண்டுல ஸ்லாஷ் ஜே போட்டு அனுப்புங்க, அது கேஷ் இல்லாம எழுதும். மைக்ரோசாஃப்ட்டோட டிஸ்க்ஸ்பீட் டூலும் நல்லா இருக்கும், கட்டணம் கிடையாது. லினக்ஸ்ல டிடி கமாண்டுல கடைசியில எஃப்டேட்டாசிங்க் சேத்துப் போடுங்க, அது இல்லாம போட்டா அதுவும் ரேம் வேகத்தைத்தான் காட்டும்.

அந்தக் காப்பி ஓடுறப்ப எந்திரிச்சுப் போயிராதீங்க, டாஸ்க் மேனேஜரைத் திறந்து அந்த டிஸ்க்கோட கிராஃபைப் பாத்துக்கிட்டு உக்காருங்க. சில எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்குல இப்படி நடக்கும்: ஆரம்பத்துல செகண்டுக்கு 120 எம்பின்னு கோடு நேரா போகும், பாக்க நல்லா இருக்கும், கொஞ்ச நேரம் கழிச்சு திடீர்னு பொத்துன்னு கீழ விழுந்து 20, 15, மறுபடி ஒரு நிமிசம் 60, மறுபடி 10னு பல்லு பல்லா ஏறி எறங்கும், ஆக்டிவ் டைம் மட்டும் 100 சதவீதத்துலயே ஒட்டிக்கிட்டு நிக்கும். இது டிஸ்க் கெட்டுப்போனதால இல்ல, அது செஞ்ச விதமே அப்படி. எஸ்எம்ஆர்னு ஒரு முறை, ஓட்டுக்கூரை ஓடு மாதிரி டிராக்குகளை ஒண்ணு மேல ஒண்ணு லேசா ஏத்தி அடுக்கிருப்பாங்க, குறைஞ்ச விலையில நிறைய இடம் கிடைக்கும், ஆனா நடுவுல ஒரு டிராக்கை மாத்தணும்னா பக்கத்துல இருக்குறதையும் சேத்துத் திருப்பி எழுதணும். அதை மறைக்க ஒரு சின்னப் பகுதியை கேஷா வச்சிருக்கும், அது நெறையுற வரைக்கும் வேகம், நெறஞ்சதும் ஆமை. போட்டோ, வீடியோ வச்சுக்கறவங்களுக்கு இது தெரியவே தெரியாது, தெனம் 60 ஜிபியை ஒரே மூச்சுல எழுதுற நமக்குத்தான் தெரியும். பெரும்பாலான சின்ன 2.5 இன்ச் எக்ஸ்டர்னல் டிஸ்க் இந்த வகைதான். என்ஏஎஸ்-க்குன்னு வித்த சில டிஸ்குலயே சொல்லாம இதைப் போட்டிருந்தது 2020-ல வெளிய வந்து பெரிய பிரச்சனையாச்சு, அதனால என்ஏஎஸ்-க்கு வாங்கும்போது மாடல் நம்பரை வச்சு சிஎம்ஆர் (டிராக்கை ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தாம அடுக்குற முறை) தானான்னு கம்பெனி சைட்ல பாத்துட்டு வாங்குங்க.

எஸ்எஸ்டின்னா தப்பிச்சோம்னு நெனைக்காதீங்க. குறைஞ்ச விலை எஸ்எஸ்டியிலயும் ஒரு வேகமான கேஷ் பகுதி இருக்கு, அது நெறஞ்சதும் நிஜ வேகம் தெரியும், சிலது ஹார்டு டிஸ்க் வேகத்துக்கே எறங்கிரும். பென்டிரைவை டேட்டாபேஸ் பேக்கப்புக்கு யோசிக்கவே வேண்டாம், எழுதுறதும் மெதுவு, சூடாகும், எஃப்ஏடி 32 ஃபார்மேட்ல இருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைலை ஏத்தவே ஏத்தாது.

ஒவ்வொரு இடமா என்ன பாக்கணும்

டி டிரைவ். இதுல ஒரு ஏமாத்து இருக்கு. சி, டின்னு பேர் வேற வேறயா இருக்கும், டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாத்தா ரெண்டும் டிஸ்க் ஜீரோவுலதான் இருக்கும், அதாவது ஒரே டிஸ்க்கை ரெண்டா பிரிச்சது. அங்க நல் டெஸ்ட்டும் வேகமா வரும், எழுதுற டெஸ்ட்டும் வேகமா வரும், ஆனா பேக்கப் மட்டும் மெதுவா இருக்கும், ஏன்னா ஹார்டு டிஸ்க்கோட ஹெட் படிக்க ஒரு ஓரத்துக்கும் எழுத இன்னொரு ஓரத்துக்கும் அலைஞ்சுக்கிட்டே இருக்கும். மெதுவா இருக்குறதைவிடப் பெரிய பிரச்சனை, அந்த டிஸ்க் போனா டேட்டாவும் பேக்கப்பும் சேந்தே போயிரும். பேக்கப் வேற டிஸ்குலதான் இருக்கணும், இதுல பேச்சே இல்ல.

யூஎஸ்பி எக்ஸ்டர்னல். முதல்ல எந்த ஓட்டையில சொருகியிருக்கீங்கன்னு பாருங்க. யூஎஸ்பி 2-ல 480 எம்பிபிஎஸ்னு போட்டிருந்தாலும் கையில கிடைக்கிறது செகண்டுக்கு 30-லிருந்து 40 எம்பி, 60 ஜிபிக்கு சுமார் அரை மணி நேரம். அதே டிஸ்க்கை யூஎஸ்பி 3-ல, பெரும்பாலும் உள்ள நீலமா இருக்கும், சொருகுனா டிஸ்க்கோட முழு வேகம் கிடைக்கும். சிபியூ முன்னாடி இருக்குற போர்ட் பழைய கேபினெட்ல யூஎஸ்பி 2-ஆ இருக்கும், பின்னாடி சொருகிப் பாருங்க. யூஎஸ்பி ஹப்பு, நீட்டுக் கேபிள் எல்லாத்தையும் எடுத்துருங்க. நம்ம ஊர்ல இன்னொண்ணும் இருக்கு, உப்புக்காத்து. ஜன்னலைத் திறந்து வச்ச ஆபீஸ்ல யூஎஸ்பி பிளக்கோட உள்பக்கம் டார்ச் அடிச்சுப் பாத்தா பச்சையாவோ வெள்ளையாவோ பூத்திருக்கும், அப்ப காண்டாக்ட் சரியா இல்லாம யூஎஸ்பி 3 டிஸ்க் யூஎஸ்பி 2 வேகத்துக்கே எறங்கிரும், இல்ல நடுவுல கழண்டு கழண்டு சேரும். கேபிளை மாத்துறதுக்கு ஆகுற செலவு டிஸ்க் மாத்துற செலவுல ஒரு துளிதான், அதை முதல்ல மாத்திப் பாருங்க.

என்ஏஎஸ், இல்ல இன்னொரு கம்ப்யூட்டர்ல ஷேர் போல்டர். இங்க முதல்ல பாக்க வேண்டியது லிங்க் ஸ்பீட். நெட்வொர்க் அடாப்டர் ஸ்டேட்டஸைத் திறந்தா ஸ்பீட்னு ஒரு வரி இருக்கும், அதுல 1.0 ஜிபிபிஎஸ்னு இருக்கணும். 100 எம்பிபிஎஸ்னு இருந்தா காரணம் கிடைச்சுருச்சு, அப்ப செகண்டுக்கு 11 எம்பிதான் போகும், 60 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல, அதுவே கிகாபிட்ல 110 எம்பி போனா பத்து நிமிசத்துக்குள்ள முடிஞ்சுரும். கிகாபிட்டுக்கு கேபிள்ல இருக்குற எட்டு வயரும் சேரணும், 100-க்கு நாலு வயர் போதும். அதனால 100-க்குத் தேவைப்படாத மத்த நாலுல ஒரு வயர், ஒரு பின் காண்டாக்ட் விட்டுப்போனா பெரும்பாலும் நெட்வொர்க் நிக்காது, யாருக்கும் சந்தேகமே வராது, சத்தமில்லாம 100-க்கு எறங்கி ஓடிக்கிட்டு இருக்கும். பாம்பன், தங்கச்சிமடம் மாதிரி ரெண்டு பக்கமும் கடல் இருக்குற இடத்துல இது சர்வசாதாரணம், ஜாக்கைக் கழட்டிப் பாத்தா தங்கக்கலர்ல இருக்க வேண்டிய பின்னு கறுத்துப் போயிருக்கும். ஜாக்கை வெட்டிட்டு புதுசா கிரிம்ப் பண்ணுங்க, சுவிட்ச்சும் கிகாபிட் தானான்னு பாருங்க, பழைய 100 சுவிட்ச் ஒண்ணு நடுவுல இருந்தாலும் மொத்தமும் அந்த வேகம்தான். வைஃபையில பேக்கப் ஓட்டாதீங்க.

புதுசா வர்றவங்க மாட்டிக்கிற இன்னொரு இடம்: மை கம்ப்யூட்டர்ல இசட் டிரைவ்னு மேப் பண்ணி வச்சிருப்பீங்க, உங்களுக்குத் தெரியும், எஸ்கியூஎல் சர்வருக்குத் தெரியாது, பாத் இல்லைன்னு எரர் வரும். அது வேற அக்கவுண்ட்ல ஓடுற சர்வீஸ். டிரைவ் லெட்டருக்குப் பதிலா ரெண்டு பேக்ஸ்லாஷ்ல ஆரம்பிக்கிற முழு நெட்வொர்க் பாத் கொடுங்க, அந்த சர்வீஸ் அக்கவுண்டுக்கு போல்டர்ல எழுத அனுமதி கொடுங்க.

கிளவுட். அப்லோட் வேகத்தைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க, டவுன்லோட் வேகம் இங்க உதவாது. அப்லோட் 20 எம்பிபிஎஸ்னா செகண்டுக்கு 2.5 எம்பி, 60 ஜிபி போக ஏழு மணி நேரத்துக்குக் கிட்ட ஆகும். அதனால முழு பேக்கப்பை நேரா கிளவுட்ல எழுதுறதை நான் சின்ன ஆபீஸுக்குச் சொல்றதே இல்ல, லோக்கல்ல எடுத்து, சுருக்கி, அப்புறம் அனுப்புங்க. நேராத்தான் எழுதுவேன்னா மைக்ரோசாஃப்ட்டோட அஸூர் கிளவுட்ல எஸ்கியூஎல் சர்வரோட டிரான்ஸ்ஃபர் சைஸை (ஒரு தடவைக்கு அனுப்புற துண்டோட அளவு) 4 எம்பியா ஏத்தி வைங்க, அங்க ஒரு ஃபைலுக்கு (பிளாக் பிளாப்னு பேர்) 50,000 துண்டுதான் கணக்கு, 1 எம்பியிலயே விட்டா 48 ஜிபி சொச்சத்துல பேக்கப் ஃபெயிலாகி நிக்கும்.

டேப் வச்சிருக்க ஆபீஸ் நம்ம பக்கம் அபூர்வம், அதை விட்டுர்றேன்.

இப்ப சரி பண்ற வேலை

ஒருநேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க, மாத்திட்டு நோட்டுல எழுதுங்க. நாலை ஒண்ணா மாத்துனா எது வேலை செஞ்சதுன்னு தெரியாது.

எழுதுற பக்கம்தான் மெதுவுன்னா முதல் மருந்து கம்ப்ரஷன். 60 ஜிபி 15 ஜிபியா சுருங்குனா அந்த 11 எம்பி லைன்லயே 23 நிமிசத்துல முடிஞ்சுரும். பில், கணக்கு டேட்டா பொதுவா நல்லாச் சுருங்கும், ஸ்கேன் பண்ண படம், பிடிஎஃப் எல்லாம் டேட்டாபேஸ் உள்ளயே போட்டிருந்தா அவ்வளவா சுருங்காது. எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் எடிஷன்ல இந்த கம்ப்ரஷன் கிடையாது, ஸ்டாண்டர்டுல உண்டு. எக்ஸ்பிரஸ் வச்சிருந்தா லோக்கல்ல எடுத்துட்டு 7-ஜிப்ல சுருக்குங்க. லினக்ஸ்ல ஜிஜிப் ஒரு கோர்லதான் ஓடும், பிக்ஸுக்கு (pigz) மாறுனா எல்லா கோரும் வேலை செய்யும், இல்லைன்னா இசட்ஸ்டாண்டர்டை (zstd) -T0 போட்டு ஓட்டுங்க, போஸ்ட்கிரெஸ் 16-ல இருந்து பிஜி டம்ப்லயே இசட்ஸ்டாண்டர்ட் இருக்கு. டைரக்டரி ஃபார்மேட்ல போட்டு ஜாப் எண்ணிக்கை கொடுத்தா பல டேபிளை ஒரே நேரத்துல எடுக்கும், ஆனா டேட்டா முழுக்க ஒரே பெரிய டேபிள்ல இருந்தா அது ஒரே ஜாப்லதான் போகும், பெருசா வித்தியாசம் தெரியாது. மைஎஸ்கியூஎல்லுக்கு சிங்கிள் டிரான்சாக்ஷன் ஆப்ஷனை மறக்காதீங்க, இல்லைன்னா டேபிளைப் பூட்டிரும், விடியக்காலம் பில் நிக்கும்.

ஆன்டிவைரஸ்ல பேக்கப் போல்டரை விலக்கு லிஸ்ட்ல சேருங்க, எழுதுற ஒவ்வொரு துண்டையும் அது பிரிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தா எந்த டிஸ்க்கும் மெதுவாத்தான் இருக்கும்.

எஸ்கியூஎல் சர்வர்ல பஃபர் கவுண்ட் (ரேம்ல எத்தனை துண்டு வச்சுக்கணும்), மேக்ஸ் டிரான்ஸ்ஃபர் சைஸ் (ஒரு துண்டு எவ்வளவு பெருசு)னு ரெண்டு ஆப்ஷன் இருக்கு, நெட்ல பாத்துட்டு பல பேர் முதல்ல அதுலதான் கை வைக்கிறாங்க. வேகமான எஸ்எஸ்டி, நல்ல நெட்வொர்க் இருக்குற இடத்துல அது உதவும், டிரான்ஸ்ஃபர் சைஸை 4 எம்பி வரைக்கும் ஏத்தலாம். ரெண்டையும் பெருக்குனா வர்ற அளவு ரேமை அது எடுத்துக்கும், 8 ஜிபி ரேம் இருக்குற மெஷின்ல பஃபரை இஷ்டத்துக்கு ஏத்துனா பேக்கப்பே மெமரி இல்லைன்னு நின்னுரும். எஸ்எம்ஆர் டிஸ்க், 100 எம்பிபிஎஸ் லைன் இருக்குற இடத்துல இதைத் திருகுறதுல ஒரு பலனும் இல்ல. பேக்கப்பை ரெண்டு மூணு ஃபைலா பிரிச்சு எழுதுறதும் அப்படித்தான், வேற வேற டிஸ்குக்குப் போனா நல்லது, ஒரே யூஎஸ்பி ஹார்டு டிஸ்குல நாலு ஃபைலா எழுதுனா ஹெட் அலைஞ்சு இன்னும் மெதுவாகும். அதோட அந்த ஃபைல் எல்லாமும் இருந்தாத்தான் ரீஸ்டோர் ஆகும், ஒண்ணு தொலைஞ்சாலும் மிச்சம் வீண்.

நம்ம பக்க ஆபீஸுக்கு நான் பரிந்துரைக்கிறது ரெண்டு கட்டமா செய்றது. சர்வர்ல தனியா ஒரு எஸ்எஸ்டி போடுங்க, டேட்டாபேஸ் இருக்குறது இல்ல, வேற ஒண்ணு. ராத்திரி பேக்கப் அதுல எழுதட்டும், வேகமா முடிஞ்சுரும், டேட்டாபேஸுக்கு பாரம் அதோட தீந்துச்சு. அதுக்கப்புறம் அந்த ஃபைலை எக்ஸ்டர்னலுக்கோ என்ஏஎஸ்-க்கோ ரோபோகாப்பி மெதுவா கொண்டுபோகட்டும், அது விடிஞ்சும் ஓடுனாலும் பில்லுக்கு பெருசா தொந்தரவு இருக்காது. அனுப்புன ஃபைலோட ஹாஷ் (ஃபைல்ல இருக்குறதை வச்சுக் கணக்குப் போட்டு வர்ற அடையாள எண்) ரெண்டு பக்கமும் ஒத்துப்போனதுக்கு அப்புறம்தான் பழசை அழிக்கணும். ஃபைல் பேர்ல தேதி இருக்கணும், நேத்து ஃபைல் மேலயே இன்னைக்கு எழுதாதீங்க, வாடைக்காத்து சீசன்ல எப்ப கரண்ட் போகும்னு சொல்ல முடியாது, பாதியில நின்னா நேத்ததும் போச்சு இன்னைக்கும் இல்லைன்னு ஆயிரும். சர்வருக்கு மட்டும் யூபிஎஸ் வச்சா பத்தாது, என்ஏஎஸ்-க்கும் நடுவுல இருக்குற சுவிட்ச்சுக்கும் வைங்க, சுவிட்ச் செத்தாலும் பேக்கப் அங்கயே அறுந்துரும்.

தெனம் ஃபுல் எடுக்கணும்னும் இல்ல. வாரத்துல ஒருநாள், போட்டு வராத நாளாப் பாத்து ஃபுல், மத்த நாள் டிஃபரென்ஷியல், பகல்ல லாக் பேக்கப்னு வச்சா எழுத வேண்டிய அளவே குறைஞ்சுரும், அப்ப மெதுவான டிஸ்க்கும் தாங்கும்.

ஒரு காப்பி தீவுக்கு வெளிய

ராமேஸ்வரம் தீவுக்குள்ள ஆபீஸ் இருந்தா ஒரு காப்பியாவது பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கணும், ராம்நாடோ மதுரையோ கிளவுட்டோ எதுனாலும் சரி. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல தனுஷ்கோடி அழிஞ்சு, பாம்பன் ரயில் பாலமும் சேதமான ஊர் இது, ஆபீஸ் மேஜையில சர்வருக்குப் பக்கத்துலயே வச்ச எக்ஸ்டர்னல் டிஸ்க்கை பாதுகாப்புன்னு சொல்லிக்க முடியாது. ரெண்டு எக்ஸ்டர்னல் வாங்கி வாரம் ஒண்ணா மாத்தி மாத்தி ஊருக்குக் கொண்டுபோனாலே போதும், எப்பவும் சொருகியே வச்சிருக்குற டிஸ்க்கை, ஃபைலைப் பூட்டிட்டுப் பணம் கேக்குற ரான்சம்வேரும் விடாது.

ரீஸ்டோர் பண்ணிப் பாக்குறது

எழுத மெதுவான டிஸ்க்கை திருப்பிப் படிக்கவும் நேரம் ஆகும், 100 எம்பிபிஎஸ் லைன்ல போன பேக்கப் அதே லைன்லதான் திரும்பி வரும், அதை முன்கூட்டியே தெரிஞ்சு வச்சுக்கணும். இதுக்கு நம்ம பக்கம் நல்ல நேரம் தடைக்காலம்தான், ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, கம்பெனியில பில் குறைவு, மெஷினை நிறுத்தி வேலை பாக்க யாரும் கோவப்பட மாட்டாங்க. கேபிள் மாத்துறது, டிஸ்க் மாத்துறது, ஜாக் கிரிம்ப் பண்றது எல்லாத்தையும் அப்ப வச்சுக்கங்க. கூடவே ஒரு பழைய கம்ப்யூட்டர்ல பேக்கப்பை முழுசா ரீஸ்டோர் பண்ணி நேரத்தை எழுதுங்க. வெரிஃபை ஒன்லின்னு ஒரு கமாண்ட் இருக்கு, அது ஃபைலைப் படிக்க முடியுதான்னு மட்டும் பாக்கும், ரீஸ்டோருக்கு அது ஈடாகாது. ரீஸ்டோர் 0 சதவீதத்துலயே ரொம்ப நேரம் நின்னா பயந்து நிறுத்தாதீங்க, டேட்டா ஃபைலுக்கு இடம் ஒதுக்கி முழுக்க ஜீரோ எழுதிக்கிட்டு இருக்கும், சர்வீஸ் அக்கவுண்டுக்கு வால்யூம் மெயின்டனன்ஸ் உரிமையைக் கொடுத்தா டேட்டா ஃபைலுக்கு அந்த நேரம் மிச்சமாகும், லாக் ஃபைலுக்கு எப்படியும் ஆகும்.

முடிஞ்சதும் சாஃப்ட்வேரை அந்த டேட்டாபேஸோட இணைச்சுத் திறந்து, கடைசி பில் நம்பர், அன்னைக்கு எடை, ரெண்டு மூணு போட்டோட முன்பண பாக்கி, இதெல்லாம் ஒரிஜினலோட ஒத்து வருதான்னு பாருங்க. அதைப் பாக்குறப்ப கணக்குப்பிள்ளையைப் பக்கத்துல உக்கார வச்சுக்கங்க, எந்தப் பாக்கி தப்பா இருக்குன்னு அவருக்குத்தான் பாத்த உடனே தெரியும்.